ஓடுகிற பிள்ளைக்கு நாள் நின்றுபோனால்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிராமம். மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன். 3000 மீட்டர் ஓடுகிறாள். போன வருஷத்திலிருந்து பாலக்காடு பக்கம் ஒரு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஓண லீவுக்கு வந்தவளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போன ஓணத்துக்கு 48 கிலோ இருந்தவள் இப்போது 41. உயரம் 158 சென்டிமீட்டர். திருவோணத்தன்று இலையில் உட்கார்ந்து ஓலனை மட்டும் தொட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள், பாயசம் பக்கமே போகவில்லை. காலையில் மூன்று இட்லி, மத்தியானம் ஒரு கைப்பிடி சோறும் ரசமும், ராத்திரி ஒரு சப்பாத்தி, கொள்ளு ரசம். இவ்வளவுதான். கேட்டால் ஹாஸ்டலில் எல்லோரும் இப்படித்தான் என்கிறாள். கோச், "மோளே, ரெண்டு கிலோ குறச்சால் டைமிங்கில் காணாம்" (மகளே, ரெண்டு கிலோ குறைத்தால் ஓட்ட நேரத்தில் பலன் தெரியும்) என்று சொன்னாராம். அதேபோல் ஜில்லா மீட்டில் நேரமும் குறைந்தது, மெடலும் கிடைத்தது. மூன்று வாரமாக இடது கெண்டைக்கால் எலும்பில் வலி என்கிறாள். இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினோம். நாடி 46 இருக்கிறது, ஓட்டக்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டும். ஸ்டேட் மீட் வருகிறது, விளையாட்டுக்கான கிரேஸ் மார்க்கும் இருக்கிறது. மெடல் வாங்குகிற நேரத்தில் குழப்பாதே என்கிறார் அவள் அப்பா. அனுப்பலாமா? இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருக்கிறது. விஷுவுக்கு முன்னால் ஒருமுறை தூரமானாள். அதற்கப்புறம் இதுவரை இல்லை. ஓடுகிற பிள்ளைகளுக்கு இது சகஜம் என்று சொல்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே உங்களைக் கூப்பிட்டு, "ஞாயிற்றுக்கிழமை அனுப்ப வேண்டாம்" என்று மட்டும் அவசரமாகச் சொன்னேன். நீங்கள் சரி என்றீர்கள், ஆனால் குரலில் சமாதானம் இல்லை. வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, கோச்சுக்கு என்ன பதில் சொல்வது என்று திகைத்தீர்கள். அதனால் காரணங்களை முழுசாக எழுதுகிறேன். ஊரையும் பெயரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டேன். இதே கவலையோடு இருக்கிற வேறு வீடுகளிலும் இதைப் படிக்கட்டும் என்று நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி.

கூச்சத்தோடு கடைசியில் எழுதினீர்களே, அந்த விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். மகளுக்கு நாள் நின்று ஐந்து மாதமாகிறது. நான் அந்த வரியைத்தான் முதலில் படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பிள்ளைகளிடம் இது அடிக்கடி நடக்கிறது, உண்மைதான். நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ரத்தசோகையும் அடிக்கடி வருகிறது. அதற்காக அதை யாரும் சரி என்று விட்டுவிடுவதில்லை. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி. 15 வயது முடிந்தும் வயசுக்கு வராத விளையாட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.

ஏன் நிற்கிறது? வரும்படி குறைந்த ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அரிசி பருப்பு வாங்குவதை யாரும் நிறுத்துவதில்லை. முதலில் சீட்டுக் கட்டுவது நிற்கும். அப்புறம் உடைந்த கூரை ஓட்டை மாற்றுவதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோம். உடம்பும் அப்படித்தான் செய்கிறது. சாப்பாடு போதவில்லை என்றால் இதயத்துக்கும் மூளைக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, பிள்ளைப்பேறுக்கான ஏற்பாட்டை மூளையே நிறுத்திவைக்கிறது. எலும்பைப் புதுப்பிக்கிற வேலையைக் குறைக்கிறது. உடம்புச் சூட்டையும் நாடியையும் தணிக்கிறது. உங்கள் மகள் வெயில் நேரத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாள் என்று போனில் சொன்னீர்கள். அதுவும் இந்தச் சிக்கனத்தில் சேர்ந்ததுதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். இது உங்களுக்காக மட்டும், பிள்ளையிடம் இந்த எண்களைக் காட்ட வேண்டாம். அவள் தலைக்குள் ஏற்கெனவே எண்கள் அதிகம். 41 கிலோ உடம்பில் கொழுப்பைக் கழித்தால் சுமார் 35 கிலோ மிஞ்சும். பயிற்சிக்குச் செலவானது போக, அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 45 கலோரி அளவில் கிடைத்தால் உடம்பு எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்யும். 30க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்கும். அவள் காலையும் மாலையுமாக 12 கிலோமீட்டர் ஓடினால் அதற்கே ஏறக்குறைய 500 கலோரி போய்விடும். நீங்கள் எழுதிய சாப்பாடு, நான் தாராளமாகப் போட்டாலும், 800ஐத் தாண்டவில்லை. மிச்சம் 300. அதை 35 கிலோவுக்குப் பங்கிட்டால் 10கூட வராது. இந்த மிச்சத்தில்தான் அவள் இதயம் அடிக்கிறது, அவள் பாடம் படிக்கிறாள், அவள் வளர வேண்டியிருக்கிறது. அவளுக்குக் குறைந்தபட்சம் 2000க்கு மேல் வேண்டும். இழந்ததை மீட்பதற்கு இன்னும் கூடுதலாக.

முன்பு மருத்துவர்கள் இதைப் பெண்களின் பிரச்சினையாக மட்டும் பார்த்தார்கள். சாப்பாட்டுக் குறை, நாள் நிற்பது, எலும்பு தேய்வது என்ற மூன்றையும் சேர்த்து 1990களில் ஒரு பெயர் வைத்தார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை விரித்து, ஆண் பெண் இருவருக்கும் வருகிற சக்திப் பற்றாக்குறை என்று அறிவித்து, 'ரெட்-எஸ்' என்று பெயரிட்டது. உங்கள் கோச் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம், நீங்கள் பேசும்போது சொல்லுங்கள்.

அப்படியானால் மெடல் எப்படிக் கிடைத்தது என்று அவள் அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. எடை குறைந்த முதல் சில வாரங்களில், சில மாதங்களிலும்கூட, நேரம் குறையத்தான் செய்யும். சுமை குறைந்திருக்கிறது, தசையின் பலம் இன்னும் போகவில்லை. இந்த நோயின் மிக மோசமான தந்திரம் இதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளை பட்டினி கிடந்தாள், ஜெயித்தாள். கோச் தட்டிக்கொடுத்தார், ஸ்கூலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பதினாறு வயது மனசு இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? இன்னும் ரெண்டு கிலோ குறைத்தால் இன்னும் வேகம் என்றுதானே? அப்புறம் தசை கரையும். காயம் ஆறாது. சளியும் ஜுரமும் விட்டு விட்டு வரும். நேரம் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது அவள், தான் போதுமான அளவு குறைக்கவில்லை என்று நினைப்பாள்.

இது பிடிவாதமாகவோ அழகு ஆசையாகவோ தொடங்கியதில்லை என்பதை வீட்டில் எல்லோரும் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். சொன்ன பேச்சைக் கேட்கிற, நேரத்துக்கு எழுகிற, ஒன்றைத் தொட்டால் முடிக்காமல் விடாத பிள்ளைகளைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. கோச் ரெண்டு கிலோ என்றார், அவள் ஏழு குறைத்துவிட்டாள். தொடங்கும்போது அவள் கையில் இருந்த கயிறு இப்போது அவள் கையில் இல்லை. சாப்பாட்டைப் பார்த்ததும் அவளுக்கு வருகிற பயம் நிஜமானது. இதற்கு அனோரெக்ஸியா என்று பெயர். மனநோய்களிலேயே அதிகம் உயிரை வாங்குகிற நோய்களில் இதுவும் ஒன்று. உங்கள் மகளுக்கு அதுதானா, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து, அது இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததும் இல்லை. நார்வேயில் முன்னணிப் போட்டியாளர்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். வீரர் வீராங்கனைகளில் 13.5 சதவீதம் பேருக்கு உணவுக் கோளாறோ அதன் அறிகுறிகளோ இருந்தன. போட்டியில் இல்லாதவர்களில் 4.6 சதவீதம். வீராங்கனைகளை மட்டும் எடுத்தால் ஐந்தில் ஒருவர். சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லாத நாட்டில் இந்த நிலை.

இனி நாடி 46 விஷயம். நல்ல பயிற்சி உள்ள ஓட்டக்காரருக்கு நாடி மெதுவாக அடிக்கும், உங்கள் டாக்டர் சொன்னதில் அந்தப் பாதி சரி. ஆனால் பட்டினி கிடக்கிற உடம்பிலும் நாடி மெதுவாகத்தான் அடிக்கும். ரெண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஐந்து நிமிஷம் படுக்கவைத்து நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், அப்புறம் எழுந்து நிற்கச் சொல்லி மறுபடியும் பார்க்க வேண்டும். நின்றதும் நாடி 20க்கு மேல் எகிறினால், அழுத்தம் சட்டென்று இறங்கினால், தலை சுற்றினால், அது பயிற்சியால் வந்த நிதானமில்லை. எடை குறைந்து நாளும் நின்ற பிள்ளைக்கு, பகலில் உட்கார்ந்திருக்கும்போதே நாடி 50க்குக் கீழே இருந்தால், அட்மிட் செய்ய வேண்டுமா என்று யோசிக்கிற இடத்துக்கு வந்துவிட்டோம் என்று பொருள். அதனால்தான் தள்ளிப்போடாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறேன்.

கெண்டைக்கால் வலியைப் பற்றி எழுதும்போது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வருகிறது. பல வருஷத்துக்கு முன்னால், இதே வயதில் ஒரு பெண்ணை இதே வலியோடு அழைத்துவந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றும் தெரியவில்லை. வலி மாத்திரையும் பத்து நாள் ஓய்வும் எழுதிக்கொடுத்தேன். மாதவிலக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா கூட இருந்தார், கேட்கத் தயங்கினேன். ரெண்டு மாதம் கழித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே எலும்பு முறிந்து வந்தாள். அவளுக்கு ஒரு வருஷமாக நாளே வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து விளையாடுகிற எந்தப் பெண் பிள்ளை வந்தாலும், தலைவலி என்று வந்தாலும்கூட, அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு முதலில் அதைக் கேட்கிறேன்.

எலும்பில் விழுகிற மயிரிழை விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். உங்கள் மகளுக்கு ஒரே இடத்தில், விரல் வைத்து அழுத்தினால் துடிக்கிற மாதிரி வலி இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அதுவரை ஓட்டம் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். ஒரு பெண்ணின் எலும்பில் வாழ்நாளுக்கான வலுவின் பெரும்பகுதி 18, 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதைச் சேர்க்க ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் வேண்டும். நாள் நின்றுபோன மாதங்களில் அது போதுமான அளவு இல்லை. பின்னால் கால்சியம் மாத்திரை சாப்பிட்டு அந்த மாதங்களை முழுசாகத் திரும்ப வாங்க முடியாது.

எங்கே போவது என்று கேட்டீர்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை. பாலக்காட்டில் ஜில்லா ஆஸ்பத்திரி இருக்கிறது. குழந்தைகள் நல மருத்துவரோ பொது மருத்துவரோ முதலில் பார்க்கட்டும். ஈ.சி.ஜி., பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை, ரத்த அளவு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி, தைராய்டு, ஹார்மோன் பரிசோதனைகள் சொல்வார்கள். நாள் நின்ற எந்தப் பெண்ணுக்கும் கர்ப்பப் பரிசோதனையும் எழுதுவார்கள். அது எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வது, அதற்காகக் கோபப்பட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். ஆறு மாதத்தை நெருங்குவதால் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் தேவைப்படலாம். ஒன்றை முன்கூட்டியே சொல்கிறேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வரக்கூடும். உடம்பு கடைசிவரை ரத்தத்தைச் சமன் செய்துகொண்டே இருக்கும். ரிப்போர்ட் நன்றாக இருப்பதை வைத்து அவளை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

நாள் வரவழைக்க மாத்திரை எழுதிக்கொடுத்தால் நிதானமாகக் கேளுங்கள், "இது எதற்கு?" என்று. ஹார்மோன் மாத்திரையால் ரத்தப்போக்கு வரும். எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் பட்டினி அப்படியே இருக்கும், எலும்புக்கும் அதனால் பாதுகாப்புக் கிடைக்காது. சாப்பாடு சேர்ந்து, எடை ஏறி, நாள் தானாகத் திரும்புவதுதான் நமக்கு வேண்டிய அடையாளம். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

உடம்பைப் பார்க்கிற டாக்டரோடு மனநல மருத்துவரோ உளவியலாளரோ ஒருவரும், டயட்டீஷியன் ஒருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். மனநலப் பிரிவு என்றதும் ஊரில் என்ன பேசுவார்கள் என்ற பயம் உங்களுக்கு வரும். வரட்டும், அதோடேயே போங்கள். உங்கள் மகள் வீட்டில் தமிழ், மைதானத்தில் மலையாளம். அவள் மனசு எந்த மொழியில் பேசுகிறது என்று அவளிடமே கேட்டு, அந்த மொழி தெரிந்தவரைத் தேடுங்கள். சாப்பாட்டைப் பற்றி அவளுக்குள் கேட்கிற குரல் மலையாளத்தில் இருந்தால் அதற்கு மலையாளத்தில்தான் பதில் சொல்ல முடியும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் ரெண்டு மொழியிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

இப்போது வீட்டுச் சாப்பாடு. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருகிற சிகிச்சை ஒன்று 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. அதன் சாரத்தைச் சொன்னால் உங்களுக்குப் புதுசாகவே தோன்றாது. கொஞ்ச காலத்துக்கு, என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்ற முடிவைப் பிள்ளையிடமிருந்து பெற்றோர் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் ஒரே குரலில் பேசுகிறார்கள். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் நடுவில் வருகிற பலகாரத்துக்கும் யாராவது ஒருவர் கூடவே உட்காருகிறார்கள், தட்டு காலியாகும்வரை. ஜுரத்தில் படுத்த பிள்ளைக்கு மருந்து கொடுக்க நாம் அவளிடம் அனுமதி கேட்பதில்லையே, அந்த உறுதியோடும் அந்தப் பிரியத்தோடும்.

தட்டில் நீங்கள் போடுங்கள். அரிசிம்பருப்புச் சாதம் செய்தால் நெய்யோ நல்லெண்ணெயோ தாராளமாக விட்டுப் பிசைந்து கொடுங்கள். புட்டும் கடலைக்கறியும், ரெண்டு முட்டை, மத்திக்குழம்பு, தேங்காய்ப்பால் சந்தகை, தயிர்ச்சோறு, நேந்திரம்பழம், வறுத்த நிலக்கடலை எல்லாம் நம் அடுப்படியிலேயே இருப்பவைதான். டப்பாவில் வருகிற புரோட்டீன் பவுடரைத் தேடி ஓட வேண்டாம். கொள்ளு ரசத்தை மட்டும் சில மாதங்களுக்கு மறந்துவிடுங்கள். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் பாட்டிமார் சொன்னதை அவள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எள்ளுருண்டை பிடித்துக் கொடுங்கள்.

ஆனால் முதல் நாளே குவித்துவிடக் கூடாது. மாதக்கணக்கில் குறைவாகச் சாப்பிட்ட உடம்பில் திடீரென்று நிறையச் சேர்ந்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தைத் தாக்கலாம். அதனால்தான் பரிசோதனை முதலில், டாக்டர் சொல்கிற படிக்கட்டில் ஏற்றம் அப்புறம். தொடக்கத்தில் வயிறு உப்பும், பாதம் லேசாக வீங்கலாம். அதைப் பார்த்து "குண்டாகிவிட்டேன்" என்று அழுவாள். அது கொழுப்பு இல்லை, நீர், தானாக வடிந்துவிடும் என்று சொல்லுங்கள். வீக்கம் கூடினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசாதீர்கள். பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டி, தம்பியின் கிரிக்கெட், எதுவும் சரி. அவள் கத்துவாள், தட்டைத் தள்ளுவாள், "உனக்கு என் ஓட்டமே பிடிக்கலை" என்பாள். அப்போது நியாயம் பேச வேண்டாம். "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது கண்ணு. நான் இங்கயேதான் இருக்கேன். அடுத்த வாய் எடுத்துக்கோ." இதையே நூறு தடவை சொல்ல வேண்டி வரும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் அவளோடேயே இருங்கள், குளியலறைக்கு உடனே போக விடாமல். கன்னத்தின் அடிப்பக்கம் வீங்குவது, விரல் கணுக்களில் காய்ப்பு, பல் கூசுவது இருந்தால் வாந்தி எடுக்கிறாளா என்று டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். வீட்டில் எடை மெஷின் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். எடையை டாக்டர் பார்க்கட்டும்.

அம்மாயியிடமும் அத்தையிடமும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். "எலும்பும் தோலுமா ஆயிட்டியே" என்பதும் வேண்டாம், ரெண்டு மாதம் கழித்து "இப்பத்தான் நல்லா சதை போட்டிருக்கே" என்பதும் வேண்டாம். பிரியத்தில் சொல்கிற ரெண்டாவது வார்த்தை முதலாவதைவிட ஆழமாகக் குத்தும். அதைக் கேட்ட ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அவள் அப்பாவிடம் நான் பேசத் தயார். அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று சொல்லுங்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டார், இது கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே வாய்க்குப் பிடித்த, சத்தான சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும்தான் சாப்பிட்டேன், கடைசி 35 மீட்டரில் அது என்னைக் கைவிட்டது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவருக்குக் கிடைக்கவில்லை. நம் பிள்ளைக்குக் கிடைக்கிறது, சாப்பிட முடியவில்லை. ரெண்டிலும் கால் தளருகிற இடம் ஒன்றுதான்.

மகளிடம் மேரி கெய்னைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்கப் பெண், 2013இல் 17 வயதில் உலகத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் இறுதிச் சுற்றுவரை ஓடியவர். எடையைக் குறைக்கச் சொல்லி வந்த நெருக்கடியில் மூன்று வருஷம் தனக்கு நாளே வரவில்லை என்றும் ஐந்து எலும்புகள் முறிந்தன என்றும் 2019இல் வெளிப்படையாகச் சொன்னார். டாக்டர் சொல்வதைவிட ஒரு ஓட்டக்காரி சொல்வது அவள் காதில் ஏறும்.

கோச்சை எதிரியாக்க வேண்டாம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பி இந்திய அணிவரை கொண்டுபோன கோச்சுகள் உள்ள மாவட்டம் உங்களுடையது. முண்டூரைச் சேர்ந்த ஓட்டக்காரி பி.யு. சித்ரா 2017 ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டரில் தங்கம் வாங்கியது அப்படிப்பட்ட மண்ணிலிருந்துதான். தங்கள் காலத்தில் தங்களுக்குச் சொல்லித்தந்ததைத்தான் கோச்சுகள் திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் ஒரு பிள்ளையை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று உங்கள் கோச்சுக்குத் தெரிய வேண்டும். டாக்டரின் கடிதத்தோடு நேரில் போய்ச் சொல்லுங்கள். ஓட்டம் எப்போது, எவ்வளவு என்பதை இனி டாக்டர் முடிவு செய்வார். எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பது, எடையைப் போர்டில் எழுதுவது இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், மற்ற பிள்ளைகளுக்காகவும். நாள் எப்போது வந்தது என்று பெண் பிள்ளைகளிடம் கேட்டுக் குறித்துவைக்க அந்த ஹாஸ்டலில் ஒரு டீச்சராவது வேண்டும்.

ஆண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். எடைப் பிரிவு உள்ள கபடி, மல்யுத்தம், குத்துச்சண்டை விளையாடுகிற பையன்கள் எடை பார்ப்பதற்கு முந்தைய நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல், வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடி, எச்சில் துப்பி எடை இறக்குகிறார்கள். 1997இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் சில வாரங்களுக்குள் இப்படியே இறந்தார்கள். அதற்கப்புறம்தான் அங்கே விதிகளை மாற்றினார்கள். பையன்களுக்கு நாள் நிற்கிற மாதிரி கண்ணுக்குத் தெரிகிற மணி எதுவும் அடிக்காது, அதனால் இன்னும் தாமதமாகத்தான் தெரியவருகிறது.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தண்ணீரையும் மறுத்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரி ஏதாவது பேசினாலோ எந்த அப்பாயின்ட்மென்டுக்கும் காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவளிடம் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

மறுபடியும் ஓடுவாளா என்று போனை வைக்கும்போது கேட்டீர்கள். ஓட முடியும். எடை தேறி, நாள் திரும்பி, எலும்பு ஆறி, சாப்பாட்டு மேஜையில் அழுகை குறைந்த பிறகு முதலில் நடை, அப்புறம் மெதுவோட்டம், அப்புறம் டிராக். எத்தனை மாதம் என்று இப்போது சொன்னால் அது பொய்யாகிவிடும். இந்த ஸ்டேட் மீட் போகும், கிரேஸ் மார்க்கும் போகலாம். பிளஸ் டூவில் இன்னொரு மீட் இருக்கிறது.

திங்கட்கிழமை என்னைப் பார்க்க வரும்போது அவள் டிரெயினிங் டைரியைக் கொண்டுவாருங்கள், அதில் எந்த வாரத்தில் என்ன ஓடினாள் என்று இருக்கும். நாள் வந்த தேதிகளை நீங்கள் காலண்டரில் குறித்திருந்தால் அதையும் கிழித்து எடுத்துவாருங்கள். ஹாஸ்டலுக்குக் கட்டிவைத்த பையை இன்று ராத்திரி அவளோடு உட்கார்ந்து பிரியுங்கள். துணிகளை அலமாரியில் வையுங்கள். ஸ்பைக்ஸை மட்டும் ஒளித்துவைக்க வேண்டாம், வாசலில் எல்லோருடைய செருப்போடும் கிடக்கட்டும்.